சம்மாட்டிக்குக் கப்பலில் இருந்து ஒரு கடிதம்

கப்பல், நாலாம் தளம்
இரவு 11.20

அன்புள்ள சம்மாட்டிக்கு,

ஒற்றைப் படகுக்காரனைப் பல படகு முதலாளி மாதிரிச் சம்மாட்டி என்று கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் 1,800 பேர் வரை ஏற்றுகிற கப்பலில் இருந்து எழுதுகிறேன், இன்றைக்கு ஒரு நாளாவது பட்டம் கொடுக்கிற உரிமை எனக்கு உண்டு. வீட்டுக்காரி நித்திரை. எனக்கு வரவில்லை. அறைக்கு யன்னல் கிடையாது. லைட்டை அணைத்தால் பங்கருக்குள் இருந்த இருட்டுத்தான். அவள் முழுவதும் அணைக்க விடவில்லை. குளியலறை லைட் எரிகிறது, அந்த வெளிச்சத்தில்தான் எழுத்து ஓடுகிறது.

எல்லாம் மகளின் ஏற்பாடு என்று உனக்குச் சொன்னேன்தானே. ரொறன்ரோவில் இருந்து புருசனையும் பேரனையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வாறாளாம், கோயில்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் கப்பலில் போவோமாம். சிறுபோகம் கதிர் தள்ளுகிற நேரம், வாய்க்கால் முறைத் தண்ணீரை யார் பார்ப்பது என்று இழுத்துப்பார்த்தேன். "பக்கத்து வீட்டு அண்ணையோடு கதைச்சிட்டன்" என்றாள். கனடாவில் இருந்துகொண்டு உருத்திரபுரத்து வாய்க்காலைத் திறக்கிறாள். சரி என்று விட்டுவிட்டேன்.

விசாவில்தான் ஒரு பகிடி. கப்பல் சென்னையில் வெளிக்கிட்டு இலங்கைக்கு வந்து, திரும்பவும் சென்னைக்கே போகிறது. அதனால் இந்தியாவுக்குள் இரண்டு தரம் நுழையக்கூடிய விசா வேண்டும். சொந்த நாட்டைக் கப்பலில் பார்த்துவிட்டு வர இந்திய விசா. காங்கேசன்துறைக்கும் இது வரும். 2023 ஜூன் 16 அன்று முதன்முதலில் இந்த வழியில் ஒரு உல்லாசக் கப்பல் அங்கே வந்தபோது மேளதாளத்தோடு வரவேற்றார்களே, பேப்பரில் நீயும் பார்த்திருப்பாய். அங்கே இறங்கினால் எங்கள் வீடு இரண்டு மணித்தியாலம். ஆனால் நாங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி, சென்னைக்குப் போய், பலாலிக்குப் பறந்துதான் வீட்டுக்கு வரவேண்டும். பெட்டிகளும் ரிக்கெற்றும் அப்படி. பேரன் இதைக் கேட்டுவிட்டு "அம்மப்பா, அது பிழை" என்றான். ஆறு வயது.

பலாலியில் இருந்து பறந்தது காற்றாடி வைத்த சின்ன விமானம், எழுபது பேர் அளவில். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை. 90இல் பேசாலையில் இருந்து எத்தனை பேர் இரவிரவாகப் படகில் இராமேஸ்வரம் போனார்கள், நீயும் ஓட்டினாய். இப்போது விமானத்தில் ஏறி, ஒரு தேத்தண்ணி குடித்து முடிய இறக்கிவிட்டார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது துறைமுகத்தில் இருந்துதான் தொடங்குகிறது. பெரிய பெட்டிகளுக்கு அறை எண் எழுதிய துண்டு கட்டி வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். பிறகு அவை தாமாக அறைக் கதவடிக்கு வந்துசேரும், எப்போது என்றில்லை, பின்னேரமும் ஆகும். மகள் நூறு தரம் சொன்னாள்: குளிசைகளையும் ஒரு மாற்றுடுப்பையும் கைப்பையில் வையுங்கோ அப்பா என்று. நான் வாத்தியல்லவா, அடுத்தவன் சொன்னால் கேட்பேனா? பிரஷர் குளிசையைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டு, கைப்பையில் புழுக்கொடியலும் பனங்கட்டியும் கொண்டுவந்தேன். பெட்டி வந்தது பின்னேரம் ஐந்தரைக்கு. அதுவரை வீட்டுக்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எந்த நிமிடம் விழுவேனோ என்று.

அந்தப் பெட்டியை ஊடுகதிரில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் பாக்குவெட்டி. ஆம், அதேதான். கத்தி வகை கப்பலில் ஆகாதாம், கடைசி நாள் இறங்கும்போது தருவார்களாம். பையன் நல்ல பிள்ளை, மதுரைப் பக்கம். "தாத்தா, இது பழைய பொருளா?" என்று கேட்டான். அம்மாவுடையது என்றேன். பஞ்சு வைத்துக் காகிதத்தில் சுற்றி, சீட்டு எழுதித் தந்தான். நீ செட்டிகுளம் அகதி முகாம் வரைக்கும் இடுப்பில் செருகிக் கொண்டுபோய்க் காப்பாற்றிய சாமான், ஒரு சீட்டோடு கைமாறியது.

அறை சின்னன். ஆனால் ஒரு சாண் இடமும் வீணில்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டிகள் போகும், அலுமாரியின் மேல்தட்டில் உயிர்காப்பு அங்கிகள். கதவுத் திறப்பு ஒரு அட்டை. அதையே சுவரில் ஒரு பொந்தில் செருகினால்தான் லைட் எரியும், கப்பலுக்குள் எதை வாங்கினாலும் அதைத்தான் நீட்டவேண்டும், காசு செல்லாது. சுவர் இரும்பு. மகள் அங்கிருந்தே காந்தக் கொளுக்கிகள் கொண்டுவந்து நாலைந்து ஒட்டிவிட்டாள், என் சாரமும் துவாயும் அதில் தொங்குகின்றன. கழிவறை தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை, காற்றால் உறிஞ்சி இழுக்கிறது. முதல் தரம் அமத்தியபோது வந்த சத்தத்தில் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நடைவழிதான் என்னைக் கொன்றது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவு, முடிவில்லாமல். கப்பல் நீளம் 211 மீட்டர். உன் படகு 23 அடி. நீயே கணக்குப் போட்டுக்கொள், எத்தனை படகை வரிசையாகக் கட்டவேண்டும் என்று. இரண்டு தரம் பிறத்தியார் கதவில் என் அட்டையை வைத்துத் தேய்த்தேன். இந்தக் கப்பலைக் கட்டியது 1990இலாம். யாழ்தேவி வடக்கே ஓடாமல் நின்ற அதே வருசம். எங்கள் பக்கம் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது உலகத்தில் எங்கேயோ இதை ஓட்டத் தண்டையல் தேடியிருக்கிறார்கள்.

வெளிக்கிடும் முன் ஒரு ஆபத்துக்காலப் பயிற்சி வைத்தார்கள். 2012இல் இத்தாலிக் கரையில் கொஸ்ரா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் செத்தார்களே, அதில் அன்றைக்கு ஏறிய சனத்துக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. அதற்கு முந்திய சட்டத்தில் ஒரு நாளைக்குள் வைத்தால் போதும். 2015 முதல் புறப்படுமுன், இல்லாவிட்டால் புறப்பட்ட உடனே, வைத்தே ஆகவேண்டும். அவரவர் கூடவேண்டிய இடம் அட்டையிலேயே எழுதியிருக்கிறது. ஆபத்து என்றால் ஏழு குறும் ஊதல், பிறகு ஒரு நீட்டு ஊதல். ஊதிக் காட்டினார்கள். சத்தத்தை எண்ணிப் பழகிய ஆட்கள் நாங்கள். முதல் ஊதலுக்கே வீட்டுக்காரி பேரனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். பேரன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. அவளும் தாய்க்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி ஏதோ செய்தாள்.

ஆறு மணிக்குப் பிறகு அசைந்தது. அசைந்தது என்று தெரியவே இல்லை, கரைதான் விலகியது. சனமெல்லாம் மேல்தளத்தில் ஆட்டம் பாட்டு. நான் கீழே ஒரு தளத்தில், ஆளில்லாத பக்கமாக நின்றேன். அப்போதுதான் அந்தக் காட்சியைப் பார்த்தேன் மச்சான். துறைமுகத்தில் இருந்து கப்பலை வெளியே கூட்டிக்கொண்டுவர உள்ளூர் மாலுமி ஒருவர் ஏறியிருப்பார், பைலற் என்பார்கள். வெளிக்கடல் வந்ததும் அவருடைய வேலை முடிந்தது. ஒரு சின்னப் படகு ஓடிவந்து கப்பலின் விலாவோடு ஒட்டிக்கொண்டது. கப்பலும் நிற்கவில்லை, படகும் நிற்கவில்லை, இரண்டும் ஒரே வேகம். மேலிருந்து நூலேணி. மனிசன் அதில் இறங்கி, படகு அலையில் ஏறுகிற கணம் பார்த்துக் காலை வைத்தார். படகோட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுக்கானைப் பிடித்திருந்தான்.

அந்த அண்ணாந்த முகத்தை நான் மேலிருந்து பார்த்தது இது இரண்டாம் தரம்.

2009 பெப்ரவரி, புதுமாத்தளன். காயக்காரரை ஏற்ற வந்த 'கிரீன் ஓசன்' கப்பல் கரைக்கு வரமுடியாமல் வெளியே நின்றது. இறங்குதுறை இல்லாத கரையில் உங்களுடைய மீன்பிடிப் படகுகள்தான் இறங்குதுறை. மே வரைக்கும் செஞ்சிலுவைக்காரர் (ஐ.சி.ஆர்.சி.) அங்கிருந்து எடுத்த சனம் 13,000க்கு மேல், அத்தனை பேரும் ஏதோ ஒரு படகில்தான் கப்பலுக்குப் போனார்கள். அம்மாவை உன் படகில் தூக்கிக் கிடத்தியபோது இஞ்சினுக்கு எண்ணெய் எங்கே பிடித்தாய் என்று கேட்டேன், நீ சொல்லவில்லை. ஒரு நோயாளியோடு ஒரு ஆள். வீட்டுக்காரியும் மகளும் கரையில். அம்மாவை மேலே எடுத்த பிறகு நான் குனிந்து பார்த்தேன், நீ அண்ணாந்து நின்றாய். அம்மா திருகோணமலை வரைக்கும் காலில் இருந்த காயத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வெற்றிலைப் பையைப் படகில் விட்டுவிட்டேன் என்றுதான் புலம்பிக்கொண்டு வந்தா.

மகள் எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியாது. "அந்தக் கப்பலும் இவ்வளவு பெரிசா அப்பா?" என்று கேட்டாள். இதற்குப் பக்கத்தில் வைத்தால் அது ஒரு வள்ளம் என்றேன். "கரையில இருந்து பாக்க எனக்குப் பெரிசாத்தான் தெரிஞ்சது" என்றாள். பிறகு இருவரும் சாப்பிடப் போய்விட்டோம்.

சாப்பாடு ஏராளம், நீ எழுதச்சொல்லி வற்புறுத்தினாலும் பட்டியல் போடமாட்டேன். மீன் குழம்பு என்று ஒன்று வைத்திருந்தார்கள். உன் மனிசி பார்த்தால் சட்டியோடு கடலில் கொட்டுவா. தலைசுற்றுக்கு நீ சொன்ன வைத்தியம் சரி: அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு காற்றில் நின்றால் விடுகிறது. யன்னலில்லாத அறையில் அடிவானத்துக்கு எங்கே போவது என்பதுதான் சிக்கல். நல்லகாலம், கீழ்த்தளத்து நடு அறை என்பதால் ஆட்டம் குறைவு.

போன் வேலைசெய்யாது. மருமகன் எல்லோருடையதையும் பறப்பு நிலைக்கு மாற்றிவிட்டான், தவறி எடுத்தால் செய்மதி வழியாகக் காசை உருவிவிடுமாம். அதனால்தான் பேனா. திருகோணமலையில் இறங்கும்போது தபாலில் போடுகிறேன்.

ரிவியில் ஒரு அலைவரிசை கப்பல் நிற்கிற இடத்தையும் வேகத்தையும் மட்டும் காட்டுகிறது. இப்போது 16 நொட், அதாவது மணிக்கு 16 கடல்மைல். சென்னையில் இருந்து முல்லைத்தீவுக்கு நேரே வர 230 கடல்மைல் அளவில், பதினாலு பதினைந்து மணித்தியாலம். காலை எட்டரை, ஒன்பதுக்கு உன்னுடைய கரைக்கு நேரே போவோம். நீ வலை விடுகிற இடத்துக்கும் எவ்வளவோ வெளியே, கரை தெரியாது. ஆனாலும் வலப்பக்கத்தில் நிற்பதாக மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவளும் வாறாளாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ அன்றைக்குப் பிடித்த மீன் விற்றே முடிந்திருக்கும்.

இப்போதைக்கு ஒரு சங்கடம். சென்னையில் வாங்கிய வெற்றிலை ஒரு கவுளி பைக்குள் இருக்கிறது, கொட்டைப்பாக்கும் இருக்கிறது, வெட்ட ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசையில் தந்த கத்தி பாணுக்கு வெண்ணெய் பூசத்தான் உதவும். முழுப் பாக்கைக் கடித்துப்பார்த்ததில் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லொன்று ஆடுகிறது. வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை.

உன் மனிசிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. சோளகக் காற்று கடுமை என்றால் தொழிலுக்கு இறங்காதே.

உன்
வாத்தி