ஒரே ராத்திரி என்றால் தஞ்சாவூரில் தங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் டெல்டா பக்கம் வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்குவதற்குக் கும்பகோணமா, தஞ்சாவூரா என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கும்பகோணத்தில் ரூம் போட்டு, சுற்றுவட்டாரக் கோயில்களை எல்லாம் முடித்துக்கொண்டு, தஞ்சாவூரைப் போகிற போக்கில் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று அதில் யோசனை சொல்லியிருந்தார்கள். நான் கும்பகோணத்துக்காரி. பிறந்ததும் வாக்கப்பட்டதும் இங்கேதான். எங்கள் ஊருக்கு நாலு பேர் வந்து போனால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சொல்கிறேன், கையில் ஒரே ராத்திரிதான் என்றால் தஞ்சாவூரில் தங்குங்கள்.

எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ராத்திரி வந்து இறங்கியதுமே, "நாளைக்கு ஒன்பது நவக்கிரகத்தையும் முடிச்சுட்டு அப்படியே கிளம்பிடுவோம் அத்தை" என்பார்கள். சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி வரைக்கும் சரி, பக்கத்தில்தான் இருக்கின்றன. திங்களூர் திருவையாற்றுப் பக்கம். வைத்தீஸ்வரன்கோயிலும் திருவெண்காடும் சீர்காழிப் பக்கம். கீழப்பெரும்பள்ளம் பூம்புகார் கிட்டே. திருநள்ளாறோ காரைக்காலில். மத்தியானம் நடை சாத்தினால் நாலு மணிவாக்கில்தான் திறப்பார்கள். அதுவரை ஏதோ ஒரு சன்னிதித் தெருவில் வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் தூங்குவார்கள். ராத்திரி திரும்பி வந்ததும் எந்தக் கோயிலில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வரிசையில் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கும்.

ஊருக்குள் இருக்கும் கோயில்களுக்கும் இதே கதிதான். கும்பேஸ்வரன், சாரங்கபாணி, சக்கரபாணி, நாகேஸ்வரன், ராமசாமி எல்லாமே நடந்து பார்க்க வேண்டியவை. ராமசாமி கோயில் மண்டபத் தூண்களுக்கு மட்டுமே ஒரு காலைப்பொழுது வேண்டும். பெரிய காரை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்களுக்குள் நுழைந்தால் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். இரண்டு ராத்திரியாவது தங்க முடிகிறவர்கள் தாராளமாக வரட்டும். பரிகாரம், வேண்டுதல் என்று வருகிறவர்களுக்கும் எங்கள் ஊர்தான் வசதி. காபிக்காக மட்டும் மெனக்கெட்டு வர வேண்டாம். கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை மாட்டிய கடைகள் சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் இருக்கின்றன.

தஞ்சாவூர் ஒரு ராத்திரிக்குப் பொருந்துகிற ஊர். பெரிய கோயிலும் அரண்மனையும் ஒன்றுக்கொன்று கிட்டத்தில். சாயங்காலம் ஒன்று, காலையில் ஒன்று என்று நிதானமாகப் பார்த்துவிடலாம். போகிற போக்கில் ஒரு மணி நேரம் என்று நடுப்பகலில் இறங்கினால் என்ன ஆகும் தெரியுமா? செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கொதிக்கிற கல்தளத்தில் கால் வைக்க வேண்டும். குழந்தைகள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடும். நந்தியோடு ஒரு செல்ஃபி, அவ்வளவுதான்.

சாயங்கால வெயில் சாய்ந்த பிறகு விமானத்தின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். உச்சிவெயிலில் வெறும் கல்லாகத் தெரிகிற இடத்தில், பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது வரி வரியாக எழுத்து எழுந்து நிற்கும். ட, ப போன்ற எழுத்துகளை நம் குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். 1010-இல் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்த ராஜராஜன், தான் கொடுத்ததை மட்டும் அங்கே வெட்டச் சொல்லவில்லை. அக்கா குந்தவை கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் இருக்கிறது. கோயிலுக்கென்று குடிவைத்த 400 ஆடல் மகளிரின் பெயர்களும் உண்டு. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் வெட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் திறந்ததும் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போங்கள். அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், செப்புத் திருமேனி இருக்கிறது. பாம்புகளைச் சுற்றித் தலைப்பாகை போல முடிந்த சடை. ஒரு கை, பக்கத்தில் நிற்கும் மாட்டின் மேல் சாய்ந்த மாதிரி. மாடு அங்கே இல்லை. ஆனாலும் அந்தக் கை வளைந்திருக்கிற வாகைப் பார்த்தால் மாடு எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று நமக்கே தெரிந்துவிடும். புதனைக் கும்பிடத் திருவெண்காட்டுக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள்?

அப்புறம் வழி. கும்பகோணமே முதலில் வருகிறது, அதைத் தாண்டி எதற்குப் போக வேண்டும் என்று சென்னைக்காரர்கள் கேட்பார்கள். விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி வழியாக வந்தால் கும்பகோணம்தான் முதலில் வரும், உண்மை. ஆனால் அந்தச் சாலை இப்போது பழைய மாதிரி இல்லை. சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையான 50 கி.மீ. நான்கு வழிச்சாலையை 2025 ஜூலையில் திறந்துவிட்டார்கள் (கங்கைகொண்ட சோழபுரம் இல்லை, எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் சோழபுரம்). ஊருக்குள் நுழையாமலே தாண்டிப் போகலாம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 40 கி.மீ.தான். மறுநாள் அதே வழியில் திரும்பும்போது கும்பகோணத்துக்குச் சற்று முன்னால் தாராசுரம் கோயில் வரும். பகல் நடை சாத்துவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பெரிய கோயிலை யுனெஸ்கோ 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது, தாராசுரத்தை 2004-இல் அதனோடு சேர்த்தது. தாராசுரத்தில் கருவறையின் அடிச்சுவரைச் சுற்றி அறுபத்துமூவர் கதைகளைச் சின்னஞ்சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டும், நின்றபடி போனால் கண்ணில் படாது.

2028-இல் மகாமகம் வருகிறது. அந்தச் சமயத்தில் இந்தக் கடிதம் செல்லாது, அப்போது எங்கள் ஊரில் ரூம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

இனி இப்படிக் கட்டுரை போடும்போது நடை திறக்கிற நேரம், சாத்துகிற நேரம், எந்தச் சாலையில் வந்தால் எது முதலில் வரும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இன்னொன்று, முதல் படத்துக்குக் கீழே "தஞ்சைப் பெரிய கோயில்" என்று அச்சாகியிருக்கிறது. அந்தக் கல் சக்கரமும் குதிரையும் தாராசுரத்தில் ராஜகம்பீரன் மண்டபத்தில் இருப்பவை. திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்