செப்டிமா கிளார்க்குக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

வணக்கம்.

1898இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்து, 1987 வரை வாழ்ந்தவர் செப்டிமா கிளார்க். அமெரிக்கக் கறுப்பின மக்கள் எழுதப் படிக்கக் கற்று வாக்காளராகப் பதிய உதவிய 'குடியுரிமைப் பள்ளிகளை' வளர்த்த ஆசிரியர் அவர். அந்த 89 வருட வாழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவருக்குத் துணை நின்ற உங்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு உங்கள் உழைப்பின் அருமை தெரியும்.

ஈசா ஜென்கின்ஸ் ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. சார்ல்ஸ்டன் அருகிலுள்ள ஜான்ஸ் தீவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகும் கறுப்பின மக்களை உங்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, வழியிலேயே மாநில அரசியல் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தீர்கள். வாக்காளராகப் பதிய அதில் ஒரு பகுதியை அதிகாரி முன் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர் அதிகாரி வேறு பகுதியை நீட்டினால் திணறிப்போவார். அதனால்தான் பள்ளிக்கூடமே வேண்டும் என்று நீங்கள் விடாமல் கேட்டீர்கள்.

மைல்ஸ் ஹார்ட்டன் ஐயா, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யை விட்டு விலக மறுத்ததற்காக 1956இல் செப்டிமாவின் ஆசிரியர் வேலை பறிபோனது, ஓய்வூதியமும் போயிற்று. அப்போது டென்னசியில், சமூக மாற்றத்துக்காக உழைப்பவர்களுக்குப் பயிற்சி தந்த உங்கள் ஹைலாண்டர் பள்ளி அவருக்கு வேலை கொடுத்தது. ஜென்கின்ஸ் ஐயா கேட்ட பள்ளிக்காக ஜான்ஸ் தீவில் கட்டடம் வாங்க 1,500 டாலர் கடனும் கொடுத்தது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்க அறைகளில் வகுப்பு. வெள்ளையர் கண்ணில் படாமலிருக்க அந்த ஏற்பாடு.

பெர்னிஸ் ராபின்சன் அம்மா, உங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியின் முதல் ஆசிரியர் நீங்கள். ஆனால் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் அல்ல, அழகு நிலையம் நடத்தியவர். உங்களிடம் வந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். ஆகவே உங்கள் பிழைப்பில் கை வைக்க எந்த வெள்ளை முதலாளியாலும் முடியாது. அரசுச் சம்பளம் வாங்கிய ஆசிரியர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1957 ஜனவரி 7 அன்று முதல் வகுப்பு. வந்தவர்கள் 14 பேர். வாரம் இரண்டு இரவு, இரண்டிரண்டு மணி நேரம், வயல் வேலை குறைந்த குளிர்காலத்தில். கொண்டுபோன குழந்தைகள் பாடப் புத்தகம் பெரியவர்களுக்கு ஒத்துவராது என்று உடனே கண்டுகொண்டு, என்ன படிக்க ஆசை என்று அவர்களையே கேட்டீர்கள். பைபிள் படிக்க, வெளியூரிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத, மணியார்டர் படிவம் நிரப்ப என்றார்கள். அதுவே பாடமாயிற்று. கையெழுத்துக்கு அட்டையில் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்து, பழகும்வரை அதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுதச் சொன்னீர்கள். கலப்பை பிடித்த கை பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், முனை ஒடியும். அப்போது கோபித்துக்கொண்டால் அந்த ஆள் அடுத்த வகுப்புக்கு வரமாட்டார். "ஏன் வரவில்லை" என்று நாம் கேட்டாலும் காரணம் சொல்லமாட்டார். உங்கள் பொறுமைதான் அந்த வகுப்பைக் காப்பாற்றியது.

1961இல் டென்னசி அரசு ஹைலாண்டரை மூடியபோது, மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இந்தப் பள்ளித் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. டொரத்தி காட்டன் அம்மா, ஆண்ட்ரூ யங் ஐயா, ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் செப்டிமாவோடு சேர்ந்து ஆசிரியர்களைத் தயார் செய்ததற்கு நன்றி. பட்டம் கேட்கவில்லை, சத்தமாகப் படிக்கவும் கரும்பலகையில் தெளிவாக எழுதவும் தெரிந்தால் போதும் என்றீர்கள். 1970க்குள் 897 பள்ளிகள் நடந்தன.

வீட்டுச் சமையலறையிலும் அழகு நிலையத்திலும் மரத்தடியிலும் அந்தப் பள்ளிகளை நடத்தியவர்களே, வாக்காளராகப் பெயர் பதிந்தால் வேலை போகும், குடியிருக்கும் வீடு போகும் என்று தெரிந்தும் படிக்க வந்தவர்களே, உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
முதியோர் எழுத்தறிவு ஆசிரியர்கள் சிலர்