குளிர் வண்டிக்கு இரவில் ஒரு பிளக் பாயின்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

சரக்கு வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் பேச்சில் ரீஃபர் வண்டியின், அதாவது குளிரூட்டிய சரக்கு வண்டியின், குளிர்ப்பெட்டி விடுபட்டுப்போகிறது. சிறிய வண்டிகளில் கம்ப்ரசர், வண்டி என்ஜினின் பெல்ட்டில் ஓடுகிறது. கடை வாசலில் சரக்கு இறக்கும்போதும் என்ஜின் உறுமிக்கொண்டே நிற்கும். பெரிய வண்டிகளில் குளிருக்கென்றே தனி டீசல் என்ஜின்.

காலையில் கிளம்பி மாலையில் டிப்போ திரும்பும் ஐஸ்கிரீம், உறைந்த இறைச்சி வண்டிகளுக்குக் குளிரைச் சேமித்துவைக்கும் யூடெக்டிக் தட்டே போதும். உப்புக் கரைசல் அடைத்த தட்டுகளைப் பெட்டியின் கூரையிலும் சுவரிலும் பொருத்தி, இரவில் மும்முனை மின்சாரத்தில் உறையவைக்க வேண்டும். பகல் முழுக்க அவை உருகிக் குளிர் தரும்.

14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் கொண்ட பெட்டியின் பரப்பு சுமார் 38 சதுர மீட்டர். நல்ல பஃப் (பாலியூரித்தேன் நுரை) சுவர் வழியே சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 0.4 வாட் வெப்பம் நுழையும். வெளியே 38 டிகிரி, உள்ளே மைனஸ் 18 என்றால் 850 வாட். பத்து மணி நேரத்தில் 8.5 யூனிட். கதவைத் திறந்து மூடுவதற்கு அதே அளவு சேர்த்தால் 17 யூனிட். சமையல் உப்புக் கரைசல் என்றால், உருகும்போது இவ்வளவு வெப்பத்தை உறிஞ்ச 260 கிலோ வேண்டும். ஆனால் அது உறைவது மைனஸ் 21-இல். மூன்றே டிகிரி வித்தியாசத்தில் பெட்டி குளிராது. மைனஸ் 33-இல் உறையும் வேறு கரைசல் கொண்ட தட்டுதான் சரி. அதில் எடை இன்னும் கூடும், அந்த அளவுக்குச் சரக்கு குறையும்.

முறை தோற்பது பெரும்பாலும் பராமரிப்பில்தான். இரவில் மின்தடை வந்தால் தட்டு முழுதாக உறையாது. மதியமே வெப்பம் ஏறிவிடும். தட்டில் படியும் பனியைச் சுரண்டாவிட்டால் குளிர் உள்ளே இறங்காது. கதவு கேஸ்கெட் கிழிந்தாலோ பஃப்பில் ஈரம் ஏறினாலோ மேலே போட்ட கணக்கே பொய்த்துவிடும். சரியாக உறையாத சரக்கை ஏற்றினால் அதை உறையவைக்கும் சக்தி தட்டுக்குக் கிடையாது.

இன்னொன்று, கம்ப்ரசரில் சுற்றும் குளிரூட்டி வாயு. பல வண்டிகளில் உள்ள ஆர்-404ஏ ஒரு கிலோ கசிந்தால், 1,400 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமமான புவி வெப்பம். அதை வைத்துக்கொண்டு 'மாசில்லா வண்டி' என்று எழுதி ஓட்டுவது வேடிக்கை. மானியம் தருவோர் பேட்டரியின் அளவோடு வாயுவின் பெயரையும் சுவரின் தரத்தையும் கேட்க வேண்டும். குளிர்பதனக் கிடங்குக்கு அனுமதி தரும்போதே, வண்டி நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மும்முனை பிளக் பாயின்ட் என்று நிபந்தனை போடலாம்.

வாசகர், தூத்துக்குடி