பையனின் வாலட் பற்றி

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து காலையில் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், மாடி வேலைதான் இன்னும் முடிந்தபாடில்லை, மேஸ்திரி வந்தால் மணல் வரவில்லை, மணல் வந்தால் மேஸ்திரி வரவில்லை.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். பிட்காயின், ஈதர் என்ற கிரிப்டோ காயின்களை, அவற்றை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஹார்டுவேர் வாலட்டுக்கு (காயினின் ரகசியச் சாவியை வைத்திருக்கும் சின்னக் கருவி) மாற்றிவிட்டான், இனிமேல் கவலையே இல்லை என்கிறான் என்று எழுதியிருந்தாய். பாதிக் கவலைதான் போயிருக்கிறது. மாற்றியது நல்லதுதான், மறுக்கவில்லை. 2024 ஜூலையில் வாஸிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் திருட்டுப் போனபோது, அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்கும் மேல் தங்கள் காயினைத் தொட முடியாமல் இருந்தார்கள். கிரிப்டோவும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னதே, அந்தத் திருட்டையொட்டி வந்த வழக்கில்தான்.

ஆனால் இப்போதெல்லாம் வாலட்டை உடைத்துத் திருடுவதைவிட, சொந்தக்காரன் கையாலேயே திறக்க வைப்பதுதான் சுலபம். 2020இல் இந்த மாதிரிக் கருவிகளைச் செய்யும் லெட்ஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் வெளியே போனது. அடுத்த வருடம் அவர்களில் சிலர் வீட்டுக்கே தபாலில் புத்தம்புதுக் கருவி வந்தது, பழையது பாதுகாப்பில்லை, இதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதத்தோடு. கருவி போலி. வாலட் திறக்கும்போது எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லித் தரும் 24 ரகசியச் சொற்களை அதில் போட்டால் காயின் அத்தனையும் போய்விடும். பையனிடம் 12 சொல்லோ 24 சொல்லோ இருக்கும், அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கே காயின், கருவி தேவையே இல்லை. அதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறானா என்று முதலில் கேள். எடுத்திருந்தால் அது ஏற்கெனவே கூகுள் போட்டோஸில் ஏறியிருக்கும், புது வாலட் திறந்து எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொல். சொற்கள் காகிதத்தில் மட்டும் இருக்கட்டும், அதையும் மேஜை டிராயரில் போட்டு வைக்க வேண்டாம்.

விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனது, வடகொரியாவின் வேலை என்று எஃப்பிஐ சொன்னது. அங்கே பலர் சேர்ந்து ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும். அவர்கள் பயன்படுத்திய வாலட் தளத்தின் நிரலையே திருடர்கள் மாற்றிவிட்டதால், கம்ப்யூட்டர் திரையில் வழக்கமான பரிமாற்றம் தெரிந்தது, கருவிக்குப் போனது வேறு, எல்லோரும் ஓகே கொடுத்துவிட்டார்கள். அதனால் கம்ப்யூட்டர் என்ன காட்டினாலும் கருவியின் சின்னத் திரையில் வருவதைப் படிக்க வேண்டும், புரியவில்லை என்றால் ஓகே கொடுக்கக் கூடாது. காயின் அனுப்புகிற வாலட்டின் விலாசத்தையும் (எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கும்) முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து பார்த்துவிட்டு விடுவது பத்தாது. அந்த எட்டும் ஒத்துப்போகிற மாதிரி விலாசம் உருவாக்கி, நம் பழைய பரிமாற்றப் பட்டியலில் நுழைத்து வைக்கிறார்கள், அவசரத்தில் அதையே காப்பி செய்து அனுப்பிவிடுவோம்.

அப்புறம் அவனுடைய ஜிமெயில். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றுகிற லிங்க் எல்லாம் அங்கேதான் வருகிறது, எனக்கு அதுதான் வாலட்டைவிடப் பெரிய பயம். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியை மட்டும் நம்பினால், திருடன் நம் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிவிட்டாலே முடிந்தது கதை. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எக்ஸ் கணக்கையே அப்படித்தான் பிடித்து, பிட்காயின் பற்றி ஒரு பொய் அறிவிப்பு போட்டார்கள். அந்தக் கணக்கில் இரண்டாவது சரிபார்ப்பு அப்போது அணைத்து வைக்கப்பட்டிருந்தது, ஆணையத்தின் லட்சணம் அது! பையனை பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போன் லாக்கையே வைத்து உள்ளே போவது) அல்லது ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு (எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே கோடு தருவது) மாறச் சொல். போனில் திடீரென்று சிக்னல் போய் வெகுநேரம் வராமல் இருந்தால், டவர் பிரச்சினை என்று சும்மா இருக்காமல் வேறு போனிலிருந்து சிம் கம்பெனிக்குப் பேசட்டும்.

வங்கிப் பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிட்டால் நடுவழியில் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. சொந்த வாலட்டிலிருந்து போனதை முடக்க அந்த மாதிரி நடுவில் வங்கி கிடையாது. மீட்டுத் தருகிறேன் என்று டெலிகிராமில் வருகிறவன் அநேகமாக இரண்டாவது திருடன்.

அடுத்த மாதம் கல்யாணத்துக்கு வரும்போது அவனையும் கூட்டி வா, உட்கார்ந்து எல்லா செட்டிங்கையும் பார்த்துவிடலாம். கருவியைக் கொண்டு வரட்டும், சொற்கள் எழுதிய காகிதம் வேண்டாம், எனக்கும் காட்டக் கூடாது.

அன்புடன்,
சேகர்