தோற்றவர்களின் பெயரையும் வாசியுங்கள்: தேசிய விருது நடுவர்களுக்கு ராயபுரத்திலிருந்து ஒரு மடல்

72ஆவது தேசியத் திரைப்பட விருதுகளின் நடுவர் குழுவினருக்கு,

வணக்கம்.

ராயபுரத்தில் கல்லறைச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சின்ன சலூன் ஒன்று இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, கண்ணாடிக்கு மேலே எம்.ஜி.ஆர். படம். பெஞ்சுக்கு அடியில் ஒரு நீளமான கணக்கு நோட்டு. அந்த நோட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒவ்வொரு வருடமும் தேசிய விருது யாருக்கு என்று எழுதி வைக்கிறோம். குறைவாகச் சரியாகச் சொன்னவர் மற்ற எல்லோருக்கும் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கித் தர வேண்டும். பணம் வைத்து ஆடுவதில்லை.

நோட்டு தொடங்கியது 2015இல். ‘காக்கா முட்டை’யில் நடித்த இரண்டு பையன்களுக்கும் சிறந்த குழந்தை நட்சத்திர விருது என்று டிவியில் ஓடியது. படம் அப்போது தியேட்டருக்கே வந்திருக்கவில்லை. இருந்தாலும் சலூனில் இருந்தவர்கள் ஏதோ சொந்தக்காரப் பிள்ளை பாஸானது மாதிரி கை தட்டினார்கள். சென்னைக் குப்பத்துக் கதையை டெல்லியில் யாரோ உட்கார்ந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்களே என்ற சந்தோஷம். அடுத்த வருடத்திலிருந்து நாமே சொல்லிப் பார்ப்போம் என்று கோடு போட ஆரம்பித்தோம்.

இத்தனை வருடத்தில் கொஞ்சம் கை தேர்ந்துவிட்டது. சிறந்த நடிகருக்கு ஒரே பெயர் எழுதக் கூடாது என்பது எங்கள் முதல் பாடம். 2018 படங்களுக்கு ஆயுஷ்மான் குரானாவும் விக்கி கௌஷலும், 2019க்கு தனுஷும் மனோஜ் பாஜ்பாயும், 2020க்கு சூர்யாவும் அஜய் தேவ்கனும், 2023க்கு ஷாருக் கானும் விக்ராந்த் மாஸியும் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். அதனால் இரண்டு பெயர் எழுதலாம், ஒன்று சரியானாலும் ஒரு மதிப்பெண். 2023க்கு சிறந்த துணை நடிகராக ‘பார்க்கிங்’ படத்தின் எம்.எஸ். பாஸ்கரைச் சலூன் அண்ணன் மட்டும் எழுதியிருந்தார். பல வருடம் டப்பிங்கில் குரல் கொடுத்தே காலம் தள்ளிய மனிதர் பெயர் அறிவிப்பில் வந்ததும், அண்ணன் பாதி சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நோட்டில் 2019ஆம் வருடப் பக்கம் ஒன்று இருக்கிறது. 2018 படங்களுக்கான 66ஆவது விருதுகள். தேர்தலால் தள்ளிப்போய் ஆகஸ்ட் 9ஆம் தேதி அறிவித்தார்கள். எங்கள் பக்கத்தில் ‘பரியேறும் பெருமாள்’, ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, ‘96’, ‘வடசென்னை’ என்று வரிசையாக எழுதியிருந்தோம். நான்குக்கும் நேராக சைபர். தமிழுக்கென்று வந்தது ‘பாரம்’ ஒன்றுதான். அந்தப் படம் 2020இல்தான் தியேட்டருக்கு வந்தது. பார்த்தோம். முதியவர்களைச் சத்தமில்லாமல் சாகடிக்கும் வழக்கத்தைப் பற்றிய படம், மனதை என்னவோ செய்தது. அதற்குக் கொடுத்தது தப்பே இல்லை. ஆனால் மற்ற நான்கும் எந்தச் சுற்றில் நின்றன, எதனிடம் தோற்றன என்று இன்றைக்கு வரை எங்களுக்குத் தெரியாது.

‘வடசென்னை’யை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனைக் கொன்றவர்களுக்கு நடுவிலேயே வாழ்ந்துகொண்டு காத்திருக்கும் சந்திராவாக ஆண்ட்ரியா. அவர் முகத்தில் பெரிதாக எதுவும் நடக்காது, கண் மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். தம்பி என்ற பாத்திரத்தில் டேனியல் பாலாஜி. ஊரில் எல்லோருக்கும் நல்லவனாக, எல்லா ரகசியமும் தெரிந்தவனாக ஒரு ஆள் ஒவ்வொரு ஏரியாவிலும் இருப்பான், அப்படியே அந்த ஆள். 2024 மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். சிறைக்குள் நடக்கும் கேரம் ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கர் பலகையின் கட்டையில் மோதும் சத்தம் வரும். எங்கள் தெருவில் ராத்திரி பதினோரு மணிக்குக் குண்டு பல்பின் கீழே கேட்கும் அதே சத்தம். புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாரே, அந்தப் பலகைகளின் சத்தம். அந்தப் படத்தின் நடிப்பையோ கலையையோ ஒலியையோ பற்றி உங்கள் அறைக்குள் ஒரு பேச்சாவது நடந்ததா?

‘சார்பட்டா பரம்பரை’ எனக்கு இன்னும் நெருக்கம். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 2021 ஜூலையில் படம் நேராக ஓடிடியில் வந்தது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். துறைமுகத்தில் வேலை முடிந்த கையோடு குத்துச்சண்டை பார்க்க ஓடும் கபிலனைப் பார்த்ததும் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ரங்கன் வாத்தியாராக பசுபதி உட்காரும் விதம், துண்டைத் தோளில் மாற்றும் விதம் எல்லாவற்றையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டான்ஸிங் ரோஸாக சபீர் காலைத் தூக்கி வைத்து ஆடியபோது அவர் கால் தரையில் தாளம் போட்டது. குத்துச்சண்டை என்றாலே ஆங்காரம் கொள்ளும் தாயாக அனுபமா குமார், புருஷனுக்குச் சமமாக நின்று வாயாடும் மாரியம்மாவாக துஷாரா. படம் முடிந்ததும் அப்பா சொன்னது ஒரே வரி: “நம்ம பாஷைய வெச்சி சிரிக்கத்தான் வெப்பானுங்கோ. இதுல நம்ம பாஷையில அழுவுறாங்கோடா.”

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன். ‘இன்னாபா’ என்றால் காமெடி, ‘வந்துகினு போய்கினு’ என்றால் காமெடி என்று எத்தனை வருடம் ஓடியது! அதே பேச்சில் ஒரு மனிதன் அவமானப்படுகிறான், ஒரு பெண் கோபப்படுகிறாள், ஒரு கிழவர் கட்சிக்காகச் சிறைக்குப் போகிறார். வசனத்துக்கென்று உங்களிடம் தனி விருதே இருக்கிறது. தமிழில் கூட ‘மண்டேலா’வுக்கு அது கிடைத்தது, எங்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஒரு வட்டாரப் பேச்சின் எடையை, மொழிபெயர்ப்பு வரிகளை மட்டும் படிக்கும் நடுவருக்கு யார் எடுத்துச் சொல்கிறார்கள்? தமிழ்ப் படங்களை முதலில் பார்ப்பது மலையாளத்தோடு சேர்ந்த தென்மண்டலக் குழு. அதற்குப் பிறகு மத்தியக் குழு. அந்தப் படியில் எங்கே எங்கள் பேச்சு வழுக்கி விழுகிறது என்று நாங்கள் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

2021 படங்களுக்கான 69ஆவது விருதுகளில் ‘சார்பட்டா’ பெயர் எங்கும் இல்லை. ஓடிடியில் வந்ததால் சேர்க்கவில்லையா? அப்படியும் இருக்க முடியாது. அதே வருடம் அதே மாதிரி ஓடிடியில் வந்த ‘சர்தார் உதம்’ ஐந்து விருது வாங்கியது. அதற்கு முந்தைய வருடம் ‘சூரரைப் போற்று’ சிறந்த படமாகவே தேர்வானது. அப்படியானால் படத்தை அனுப்பவில்லையா, அனுப்பி முதல் சுற்றில் விழுந்ததா, கடைசிச் சுற்று வரை வந்து ஓர் ஓட்டில் போனதா? மூன்றும் வேறு வேறு தோல்வி. எங்களுக்கு மூன்றும் ஒரே சைபராகத்தான் தெரிகிறது.

குத்துச்சண்டை மேடையில் ஜெயித்தவன் கையைத் தூக்கும்போது தோற்றவனும் பக்கத்திலேயே நிற்கிறான். நடுவர் ஒரு கையால் அவன் கையையும் பிடித்துக்கொண்டிருப்பார். கேரம் போட்டியில் இரண்டாவது வந்தவருக்கும் சுவரில் பெயர் எழுதுவார்கள். உங்கள் விருதுகளில் மட்டும் ஜெயித்தவர் பெயர் மட்டுமே வருகிறது. மற்ற பல விருதுகளில் பரிந்துரைப் பட்டியல் என்று ஒன்று முன்கூட்டியே வரும். உங்களிடம் அது இல்லை. ரகசியம் காப்பது அழுத்தங்களைத் தவிர்ப்பதற்காக என்றால் அறிவிப்புக்கு முன்னால் சொல்ல வேண்டாம். அறிவித்த அன்றைக்கே சொல்லுங்கள். போட்டிக்கு வந்த படங்கள் இவை, மண்டலக் குழுக்கள் மேலே அனுப்பியவை இவை, ஒவ்வொரு பிரிவிலும் கடைசி வரை பேசப்பட்ட பெயர்கள் இவை. இதற்குச் செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது. ஒரு துணை நடிகைக்கு, ஒரு கலை இயக்குநருக்கு, ‘கடைசி நான்கில் இருந்தேன்’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் அடுத்த படத்துக்கு அவர் கேட்கும் சம்பளமே மாறும். பிள்ளைகளிடம் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

இந்த வருடப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 படங்கள். சிறந்த நடிகருக்கு ‘பிரம்மயுகம்’ மம்முட்டி என்று பெரும்பாலோர் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது பெயராகச் சலூன் அண்ணன் ‘மகாராஜா’ விஜய் சேதுபதியை விட மாட்டேன் என்கிறார். சவரத் தொழிலாளியாக நடித்தார் என்ற பாசம் மட்டுமில்லை, கத்தியை மடக்கும் விரல் சரியாக இருந்தது என்பது அவருடைய தொழில் தீர்ப்பு. நடிகைக்கு ‘அமரன்’ சாய் பல்லவி. தமிழ்ப் படத்துக்கு ‘மெய்யழகன்’ ஐந்து ஓட்டு, ‘கொட்டுக்காளி’க்கு என் ஒரு ஓட்டு. பின்னணி இசையே இல்லாமல் காற்றையும் ஆட்டோ இரைச்சலையும் வைத்தே இவ்வளவு பதற்றத்தை உண்டாக்கிய படம், ஒலிக்காவது கவனியுங்கள். ‘வாழை’யில் நடித்த பொன்வேலுக்குக் குழந்தை நட்சத்திர விருது வரும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறோம். ‘லப்பர் பந்து’ தினேஷும் ஸ்வாசிகாவும் வராமல் போய்விடுவார்களோ என்பது என் பயம். தெருக்கூத்தை அவ்வளவு அன்போடு காட்டிய ‘ஜமா’வை யாராவது உங்கள் முன்னால் வைத்தார்களா என்பதும் தெரியவில்லை.

நோட்டில் எப்போதும் இரண்டு கட்டம்தான் போடுவோம், ‘எங்கள் கணிப்பு’, ‘விருது’. இந்த முறை அண்ணன் ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒன்று போட்டு ‘கடைசிச் சுற்று’ என்று தலைப்பும் எழுதிவிட்டார். அதில் எழுத வேண்டிய பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன.

அன்புடன்,
ராயபுரம் சலூன் நோட்டுக்காரர்களில் ஒருவன்