வேலைநாள் பிற்பகலும் அந்த 15 சதவீதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரிக்கெட் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக இரவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். பெரும்பகுதி எனக்கும் உடன்பாடுதான். ஆனால் போகிற போக்கில், வேலைநாளில் மத்தியானம் ஆட்டம் வைத்தால் வேலைவெட்டி இல்லாதவர்கள்தான் வருவார்கள் என்று ஒரு வரி இருந்தது. அந்த வேலைவெட்டி இல்லாதவர்களில் நான் ஒருவன். சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை எனக்கு வேலை. ஊரார் இரவு ஆட்டம் பார்த்துவிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவன். எனக்கு வாய்த்தது பிற்பகல்தான். அதை நிரப்புவது பேஸ்பால்.

உங்கள் கட்டுரையாளர் சொன்னதை 40 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைவிடக் காரமாகச் சொல்லிவிட்டார். 1983 ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமை. எங்கள் ஊர்ப் பேஸ்பால் அணியான சிகாகோ கப்ஸ், தன் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில் நடந்த பகலாட்டத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸிடம் ஒரு ரன்னில் தோற்றது. சீசன் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் 14 தோல்வி. வந்திருந்த கூட்டம் பத்தாயிரத்துக்கும் குறைவு. வந்தவர்களும் ஏசித் தீர்த்தார்கள். மேலாளர் லீ ஈலியா நிருபர்கள் முன்னால் வெடித்தார். பாதி வார்த்தைகள் அச்சில் ஏறாது. ஏறக்கூடிய மீதியின் சாரம் இதுதான்: உலகத்தில் 85 சதவீதம் பேர் வேலைக்குப் போகிறார்கள், மிச்சமுள்ள 15 சதவீதம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆகஸ்டில் அவருக்கே வேலை போயிற்று. அதன்பிறகு அவரும் எங்களோடு வந்து உட்கார்ந்திருக்கலாம்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை எனக்கு எப்படிக் கழிந்தது என்று சொல்கிறேன். காலை எட்டு மணிக்குப் படுத்து, பன்னிரண்டு மணிக்கு எழுந்தேன். ரயில் பிடித்து அடிசன் நிலையத்தில் இறங்கினால், மைதானம் கூப்பிடு தூரம். ஆட்டம் 1.20க்கு. வெளிக்களச் சுவருக்குப் பின்னால் கூரையில்லாத பெஞ்சுகள் இருக்கின்றன. முந்தி வந்தவர்க்கு முந்திய இடம். நல்ல இருக்கை என்று மேல்தளத்து நிழலில் டிக்கெட் வாங்குகிறவர்கள் ஏப்ரலைப் பற்றி அறியாதவர்கள். மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்றுக்கு ஊசி முனை உண்டு. எங்கள் பெஞ்சில் முகத்தில் வெயிலும் முதுகில் ஏரியுமாக உட்காரலாம். அன்று 6 டிகிரி. கையுறையைக் கழற்றாமல் புளிசாதம் சாப்பிடும் வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை.

படங்களில் ரிக்லி ஃபீல்டின் சுவர் பச்சைப்பசேல் என்றிருக்கும். 1937இல் நட்ட கொடி அது. ஏப்ரலில் போனால் இலை ஒன்று கிடையாது. செங்கல்லின் மேல் காய்ந்த நரம்புகள் ஓடுவதுபோல் இருக்கும். பந்து இலைக்குள் மாட்டிக்கொண்டால், அடித்தவர் ஓடிக் கடக்க வேண்டிய நான்கு முனைகளில் (பேஸ்) இரண்டாவது வரை போகலாம் என்று ஒரு விதி இருக்கிறது. வெயில் காலம் வரும்வரை அந்த விதிக்கு அநேகமாக ஓய்வுதான். எனக்கு என்னவோ இந்த மொட்டைச் சுவரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. பெயிண்ட் அடிப்பதற்கு முந்தின கல்யாண வீட்டைப் பார்ப்பதுபோல.

பக்கத்தில் உட்காருகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியும் "டாக்" என்றுதான் கூப்பிடுவார். அன்றும் என்னைக் கண்டதும், "வாருங்கள் டாக், பதினைந்தில் ஒருவர் வந்துவிட்டார்" என்றார். மடியில் ஸ்கோர் அட்டை, காதில் பென்சில். ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) பந்தைப் பொறுக்கி இரண்டாம் பேஸுக்குத் தர, அங்கிருந்து அது முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் ஒரே அடியில் அவுட்டானால், அவர் எழுதுவது 6-4-3 மட்டும். ஆடும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மூன்று முறை பந்தைக் கோட்டைவிட்டால் ஸ்ட்ரைக் அவுட்; அப்படிக் கடைசிப் பந்துக்கு மட்டையைச் சுழற்றி ஏமாந்தவருக்கு 'கே' என்ற ஆங்கில எழுத்து; சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானவருக்கு அதே எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி. நின்று கோட்டைவிட்டவனுக்குத் தனிக் குறி வைத்திருக்கும் விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அவரிடம் ஈலியாவைப் பற்றிப் பேச்செடுத்தால் கோபப்பட மாட்டார். 1998 மே 6 என்பார். அதுவும் புதன்கிழமைப் பிற்பகல், மப்பும் மந்தாரமும் தூறலும். கப்ஸுக்குப் பந்து எறிந்த 20 வயது கெர்ரி உட், நாட்டின் உச்ச லீகில் தன் ஐந்தாவது ஆட்டத்தைத் தொடங்கி, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் மட்டையாளர்களை 20 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஓர் ஆட்டத்தின் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் அதற்கு மேல் எவரும் செய்ததில்லை. நேரில் கண்டவர்கள் 15,758 பேர். மற்ற அத்தனை பேரும் அலுவலகத்தில் இருந்தார்கள். இன்னும் பின்னே போனால், ஜாக்கி ராபின்சன் புரூக்ளினில் முதன்முதலாகக் களமிறங்கிய 1947 ஏப்ரல் 15ஆம் தேதியும் செவ்வாய்க்கிழமைப் பிற்பகல்தான். கறுப்பினத்தவருக்கு அடைத்து வைத்திருந்த கதவு திறந்த அந்த நாளிலும் அரங்கம் நிரம்பவில்லை.

பகலாட்டத்தை ஏதோ பழம்பெருமைக்காக வைத்திருப்பதாக நினைக்க வேண்டாம். ஓர் அணி ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆட வேண்டும். ஓர் ஊரில் இரண்டு மூன்று நாள் ஆடிவிட்டு அன்றிரவே அடுத்த ஊருக்குப் பறக்க வேண்டியிருப்பதால் கடைசி ஆட்டத்தைப் பகலில் முடித்துவிடுகிறார்கள். வீரர்கள் சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்திலேயே இதற்கு விதி உண்டு. எங்கள் மைதானத்தின் கதை கொஞ்சம் வேறு. மற்ற எல்லா அணிகளும் எப்போதோ விளக்குப் போட்டுக்கொண்ட பிறகும் ரிக்லி ஃபீல்டில் 1988 வரை இரவு ஆட்டமே இல்லை. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள், சட்டமும் குறுக்கே நின்றது. ஒருவழியாக ஆகஸ்ட் 8ஆம் தேதி விளக்கேற்றினார்கள். நான்காவது இன்னிங்ஸில் பெருமழை வந்து ஆட்டமே ரத்தாயிற்று. தபால்காரர் இதைச் சொல்லும்போது மட்டும் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார்.

இப்போது விளக்கு இருக்கிறது, இரவு ஆட்டங்களும் நடக்கின்றன. அவற்றின் மேல் எனக்கு வன்மம் இல்லை. ஆனால் வெளிக்களத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் உயரே நிற்கும் பழைய ஸ்கோர் பலகையை நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு வித்தியாசம் தெரியும். உள்ளே ஆள் நின்று கையால் எண் தகடுகளை மாற்றும் பலகை அது. மற்ற ஊர் ஆட்டங்களின் ஓட்டமும் அதில் ஏறும். சாதாரண நாளில் பல வரிசைகள் வெறுமையாக, ஆட்டம் இரவில் என்று அறிவித்துக்கொண்டு நிற்கும். அந்தப் புதன்கிழமை பல ஊர்களிலும் பகலாட்டம். கிழக்குக் கரையில் எங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். சின்னச் சதுர ஜன்னல்கள் திறந்து மூட, ஒரு பூஜ்யம் இறங்கி மூன்று ஏறியது. ஏன் ஏறியது, யார் அடித்தார் என்று எவருக்கும் தெரியாது. பெஞ்சு முழுவதும் "ஓ" என்றது.

பந்து எறிகிறவர் குறித்த நொடிகளுக்குள் எறிந்தாக வேண்டும் என்று கடிகாரம் வைத்தது 2023இல். பழமைவாதிகள் புலம்பினார்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக 24 நிமிடம் மிச்சமாயிற்று. இரவுப்பணிக்காரனுக்கு அது 24 நிமிடத் தூக்கம், ஆகவே நான் புலம்பவில்லை. நாலு மணிக்கு முன்பே முடிந்தது. ஒரு ரன்னில் தோற்றோம். பலகையின் உச்சியில் நீலக் கொடி ஏறியது. வென்றால் வெள்ளை, தோற்றால் நீலம். ரயிலில் போகிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக வந்த வழக்கம். தபால்காரர் அட்டையை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வருகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன். சான் பிரான்சிஸ்கோவில் இன்னும் பிற்பகல். வர்ணனையைச் சன்னமாக வைத்தேன். அங்கே ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஆள் நின்றார். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. பத்து மணிக்கு அலாரம் அடித்தது.

இப்படிக்கு,
இரவுப்பணி வாசகர் ஒருவர்,
சிகாகோ.