வில்லுக்காரர் சாப்பிடப் போன நேரம்

மாப்ளே,

சுகம்தானே? அன்றைக்கு நீ போனில் கேட்டதற்கு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். வீட்டில் எல்லாரும் நலம். ஆற்றில் தண்ணீர் கிடக்கிறது, பிசானத்துக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது. நாம் நாடக ரிகர்சல் பார்த்த அரிசி மில் கிட்டங்கியை முதலாளி மகன் கல்யாண மண்டபமாக்கப் போகிறாராம். தை வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியை நம்மிடமே விட்டிருக்கிறார், அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நாடகக் குழுவிலிருந்து நல்ல பிள்ளைகளாக ரெண்டு பேரை அனுப்பு, சென்னையில் நடிப்புப் பட்டறை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், பத்து நாளில் தேற்றிவிடுவார்கள், செலவு உன்னுடையது என்றாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் பட்டறை என்றாலே இப்போதெல்லாம் எனக்கு அலுப்பு தட்டுகிறது. போன வருஷம் ஓர் அமைப்பு நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் மூச்சுப் பயிற்சி, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, ஒருவரைப் பார்த்து ஒருவர் அசைவது என்று என்னவெல்லாமோ செய்யவைத்து, கடைசி நாள் போட்டோவும் சான்றிதழும் கொடுத்து அனுப்பியது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். திரும்பி வந்து எங்கே ஆடுவது என்று மட்டும் அங்கே ஒருவரும் பேசவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் இந்த வருஷம் நம்மோடு சேர்ந்திருக்கிறாள். வட்டிக்காரக் கிழவி வேஷம். வைகாசியில் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் ஆட்டம். நமக்குக் கிடைக்கிற நேரம் எது என்று நினைக்கிறாய்? வில்லுப்பாட்டுக்காரர்கள் சாப்பிடப் போகிற இடைவெளி! அவர்கள் கை கழுவி வருவதற்குள் முடித்துவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்று போலீஸ் வேறு. கூட்டம் சாமிக்கு வந்த கூட்டம், நமக்காக வந்ததில்லை. பிடிக்கவில்லை என்றால் எழுந்துபோகவும் மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள், அதற்கு எழுந்துபோவதே தேவலை. அன்றைக்கு அவள் முதல் வசனத்துக்கே நல்ல சிரிப்பு. சிரிப்பு அடங்குமுன் அடுத்த வசனத்தைச் சொன்னாள், அது யார் காதிலும் விழவில்லை, அதிலிருந்துதான் கதையே கிளம்ப வேண்டும், அப்புறம் கடைசிவரை பாதிப் பேருக்குக் கதை புரியவில்லை.

ஆடிக் கடைசியில் அவளைப் பார்த்திருக்க வேண்டும் நீ. வசனத்தைச் சொல்லிவிட்டு, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நிதானமாகக் காம்பு கிள்ளுகிறாள். ஜனம் சிரிக்கிற வரைக்கும் கிள்ளுகிறாள். சிரிப்பு தணிந்து, ஆனால் முழுக்க அடங்குமுன், அடுத்த வசனம் வருகிறது. இத்தனைக்கும் வெற்றிலை ஸ்கிரிப்டிலேயே கிடையாது. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "யாரும் சொல்லலண்ணே, சிரிக்கும்போது பேசுனா கேக்க மாட்டக்காவ, அதான்" என்றாள். இதை எந்தப் பட்டறையில் சொல்லித் தருவான்? சொன்னாலும் சிரிக்கிற கூட்டம் வேண்டாமா?

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளை எடுத்துக்கொள். நம்ம பக்கத்து ஆள்தான், பழைய திருநெல்வேலி ஜில்லாவில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். 1918-ல் மதுரையில் அவர் நடத்திய பாலர் சபையில், அதாவது சிறுவர் நாடகக் கம்பெனியில், சேர்ந்தபோது பின்னாளில் பெரிய நடிகரான டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயசு. சாப்பாடு, தூக்கம், பாட்டு, வசனம் எல்லாம் கம்பெனி வீட்டிலேயே. அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் அடியும் உண்டு, மகரக்கட்டு வந்து பிள்ளைக் குரல் உடைந்தால் அதுவரை போட்ட வேஷமும் போச்சு. அந்தக் கஷ்டத்தைப் பெருமையாகச் சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, பச்சைப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வேலை வாங்கியதில் என்ன பெருமை? ஆனால் பாடம் ஆன கையோடு அந்தப் பிள்ளைகள் மேடையேறினார்கள், அதே நாடகத்தை ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப ஆடினார்கள், அதை மறுக்க முடியாது. மேடையில் பாடி நடித்த செங்கோட்டைக் கிட்டப்பா 1933-ல் இறந்தபோது 27 வயசுதான். குரல் பிறவியிலேயே வந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வயசுக்குள் அவ்வளவு பெரிய பேர் வந்தது, சின்னப் பிள்ளையாக இருந்தபோதே மேடையில் நின்று பாட ஆரம்பித்ததால்தான். அவ்வளவு ஏன், கொடைகளில் ஆடும் கணியான் கூத்தில் மகுடம் என்கிற பறையை அடிக்கிற பையன் எந்த வகுப்புக்குப் போனான்? தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி பின்னால் கொடை கொடையாக ராத்திரி முழுக்க நின்றுதானே படித்தான்.

அப்பளக் கம்பெனிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். தைக்கு மேல் வருவாளோ என்னவோ. குழுவில் இருந்த ஒரு பையன் சென்னைக்குப் போய் ஒரு சீரியலில் தலைகாட்டினால் எங்கள் குழுப் பையன் என்று ஊரெல்லாம் சொல்கிறோம், இவளைப் போலக் கல்யாணமாகிப் போனவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இத்தனை வருஷத்தில் நம்மிடம் நன்றாக நடித்தவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள், யோசித்துப் பார். நீ போனில் விசாரித்ததும் பையன்களைத்தான், கோபித்துக்கொள்ளாதே. லைட் பிடித்துக்கொண்டிருந்தவன் இப்போது பந்தல், மைக்செட் தொழில் செய்கிறான், நமக்கென்றால் வாடகை வாங்குவதில்லை. அவனையும் இந்தக் குழுதான் வளர்த்தது என்பேன்.

உன் பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடை இருக்கிற மாதங்களை நாங்கள் சமாளித்துக்கொள்வோம், ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும்தான் பிள்ளைகள் சும்மா கிடக்கிறார்கள், படித்ததெல்லாம் மறந்துபோகிறது. அந்த மாதங்களில் மாதம் ஓர் ஆட்டம், தேதி குறித்து, பத்துப் பேர் வந்தாலும் ஆடியே தீருவது. வேன் வாடகையும் டீ, டிபன் செலவும்தான் வேண்டும். தேதி என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. திருக்குறுங்குடிப் பெருமாள் கோயிலில் ஆடும் கைசிக நாடகம் தேய்ந்து கிடந்ததை 1999-ல் அனிதா ரத்னமும் நாங்குநேரிக்காரர் சே. இராமானுஜமும் சேர்ந்து மீட்டெடுத்தார்கள் அல்லவா? அதற்குக் கைசிக ஏகாதசி என்று ஒரு ராத்திரி இருக்கிறது, அந்த ராத்திரி வந்தால் கதையின் பக்தன் நம்பாடுவான் பாடியாக வேண்டும், மழையென்றும் ஆள் இல்லையென்றும் சாக்குச் சொல்ல முடியாது. நமக்கு அப்படி ஒரு தேதி கிடையாது, ஆள் சேர்ந்தால் ஆட்டம், இல்லாவிட்டால் இல்லை.

பட்டறைக்காரரை வேண்டுமானால் இங்கே வரச் சொல். வில்லுக்காரர் சாப்பிடப் போகிற நேரத்தில் நம்மோடு ரெண்டு ஊரில் நடிக்கட்டும், அப்புறம் சொல்லித் தரட்டும், நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

கார்த்திகையில் ஏகாதசிக்குப் பிள்ளைகளைத் திருக்குறுங்குடிக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறோம். நீயும் வருவதானால் நெல்லை எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போட்டுவிடு, கடைசி நேரத்தில் வெயிட்டிங் லிஸ்ட் என்று கதை சொல்லாதே.

உன் மச்சான்